நான்கு செடிகளின் அறுவடை: எங்கே உலர்த்துவது, எதில் பாடம் போடுவது?

ஒக்டோபர் முதல் இரு வாரங்களுக்குள் கனடாவின் ரொறன்ரோ நகரைச் சேர்ந்த ஸ்காபரோவின் பின்வளவுகளில் நிற்கும் கஞ்சாச் செடிகள் முற்றிவிடுகின்றன. உறைபனி இறங்குமுன் வெட்டியாக வேண்டும். வெட்டிய அன்றே அவற்றை எங்கே, எவ்வகையில் உலர்த்துவது என்பதையும் தீர்மானித்தாக வேண்டும். அப்போதுதான் வெட்டிய பூங்கொத்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீரே. அது 10 முதல் 12 விழுக்காடு அளவுக்கு இறங்கும் வரையிலான நாட்களில், ஐந்து மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்தது மருந்தாகவும் ஆகலாம், பூஞ்சணம் பிடித்த குப்பையாகவும் ஆகலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த முறை சிறந்தது என்று பிறரைக் கேட்பதற்கு முன், உலர்த்தப்போகும் அறையின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் ஒரு வாரம் அளந்து பாருங்கள். எந்த முறை பொருந்தும் என்பதை அந்த அளவுதான் சொல்லும்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2018 ஒக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்த கனடாவின் கஞ்சாச் சட்டம் ஒரு வீட்டுக்கு நான்கு செடிகள் வரை வளர்க்க இடமளிக்கிறது. ஆளுக்கு நான்கு அல்ல, வீட்டுக்கு நான்கு. ஒன்ராறியோவில் வளர்ப்பவருக்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும். விளைந்ததை விற்கக் கூடாது. கியூபெக் மாகாணம் வீட்டில் வளர்ப்பதைத் தடை செய்திருக்கிறது. அந்தத் தடை செல்லும் என்று 2023இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் வயதுவந்த ஒருவர் மூன்று செடிகள் வளர்க்கலாம். ஆனால் வீட்டில் 50 கிராம் உலர்ந்த பூவுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதால், அங்கே வாழ்பவர்களுக்கு இக்கட்டுரையின் பாதிக் கேள்விகள் எழவே மாட்டா. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வீட்டில் கஞ்சா வளர்ப்பது குற்றம். ஆகவே இங்கு எழுதுவதெல்லாம் ஒன்ராறியோவின் வீடுகளுக்கும் ஒன்ராறியோவின் இலையுதிர்காலத்துக்கும் உரியவை.

எங்கள் வீட்டில் இது மனைவிக்காகத் தொடங்கியது. புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்த பின்னும் அவருடைய கால்களில் நரம்பு நோவு தங்கிவிட்டது. இரவில் அது தணிய மருத்துவரின் அறிவுடன் கஞ்சாவைப் பயன்படுத்துகிறார். சிகிச்சை நடந்த மாதங்களில் நாங்கள் வீட்டுப் பூவைத் தொடவே இல்லை. நோய் எதிர்ப்பாற்றல் தாழ்ந்திருப்பவரின் நுரையீரலுக்குள் அஸ்பெர்ஜிலஸ் பூஞ்சண வித்துகள் சென்றால் அது உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டில் உலர்த்திய பூ எவ்வளவு நேர்த்தியாகத் தெரிந்தாலும் அது சோதிக்கப்படாத பூ. அத்தகைய நிலையில் இருப்பவர்களுக்கு, நுண்ணுயிர்ச் சோதனைக்கு உட்பட்ட, உரிமம் பெற்ற உற்பத்தியாளரின் பொருளே சரியான தேர்வு என்பது என் உறுதியான கருத்து. மற்றவர்களுக்காகவே இந்த ஒப்பீடு.

முதலில் காற்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஈரப்பதமானி காட்டும் விழுக்காடு மட்டும் உலரும் வேகத்தைச் சொல்லாது. வெப்பமும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கிறது. ஒரு காற்று இன்னும் எவ்வளவு நீராவியை ஏற்கக்கூடும் என்பதைக் காற்றின் தாகம் என்று வைத்துக்கொள்வோம். அதை ஆவியழுத்தக் குறைவாகக் கணக்கிடலாம். 16 பாகை செல்சியஸில் 60 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றின் தாகம் சுமார் 0.73 கிலோபாஸ்கல். 22 பாகையில் 30 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றின் தாகம் சுமார் 1.85. அதாவது, முன்னதைப் போல இரண்டரை மடங்கு. வெளியே 5 பாகைக் குளிரில் 80 விழுக்காடு ஈரத்துடன் இருக்கும் காற்று வீட்டுக்குள் நுழைந்து 20 பாகைக்குச் சூடேறினால் அதன் ஈரப்பதம் 30 விழுக்காடாக வீழ்ந்துவிடுகிறது. தண்ணீர் எங்கும் போகவில்லை, காற்றின் கொள்ளளவுதான் கூடியது. வெளியே மழைத்தூறல் இருக்கும்போதே வீட்டுக்குள் உதடு வெடிப்பதன் காரணம் இதுதான். ரொறன்ரோவில் அறுவடையும் வீட்டு வெப்பமூட்டியை இயக்கத் தொடங்குவதும் ஒரே காலத்தில் நேர்வதால், செப்டெம்பர் கடைசியில் வெட்டுபவரும் ஒக்டோபர் கடைசியில் வெட்டுபவரும் ஒரே வீட்டில் இருந்தாலும் இருவேறு காற்றில் உலர்த்துகிறார்கள்.

நான் முதல் ஆண்டில் இதை அறியாமல், நிலக்கீழறையில் வெப்பமூட்டிக்குப் பக்கத்து மூலையில் கொத்துகளைக் கட்டித் தொங்கவிட்டேன். மூன்றே நாளில் அவை சருகாகின. மேலே நொறுங்கின, உள்ளே பச்சை மாறவில்லை, போத்தலில் அடைத்த பின் வந்த வைக்கோல் மணம் ஆறு மாதமாகியும் போகவில்லை. அடுத்த ஆண்டு எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். காற்றோட்டமில்லாத சிறு களஞ்சிய அறையில் நெருக்கமாகத் தொங்கவிட்டேன். எட்டாம் நாள் மிகப் பெரிய கொத்துகளைப் பிளந்து பார்த்தபோது தண்டையொட்டிச் சாம்பல் நிறப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. பொட்ரைட்டிஸ் எனும் அந்தச் சாம்பற் பூஞ்சணம் பெரும்பாலும் தோட்டத்திலேயே பூவுக்குள் குடியேறிவிடுகிறது. ஈரமும் அசையாத காற்றும் கிடைத்தால் வீட்டுக்குள் வந்தபின் பெருகுகிறது. விளைச்சலில் பாதியை வீசினோம். பூஞ்சணம் கண்ட கொத்தில் அந்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்பவர்களை நான் ஏற்பதில்லை. கண்ணுக்குத் தெரிவது முளைத்த பகுதி மட்டுமே.

செடியை முழுதாகத் தலைகீழாகத் தொங்கவிடுவது, கிளைகளாக வெட்டித் தொங்கவிடுவது, பூக்களைத் தனியே கிள்ளி வலைத்தட்டில் பரப்புவது ஆகிய மூன்றும் அடிப்படையில் ஒரே முறையின் மூன்று வேகங்கள். முழுச் செடியின் தண்டில் தேங்கியிருக்கும் நீர் மெல்ல மெல்லப் பூவுக்கு வந்து வெளியேறுவதால் அது உலர 10 முதல் 14 நாட்கள் பிடிக்கும். கிளைகளுக்கு ஏழு முதல் பத்து. வலைத்தட்டில் நான்கு முதல் ஏழு. இலைகளை எப்போது நறுக்குவது என்ற கேள்வியும் இதனோடு பிணைந்ததே. ஈரமாக இருக்கும்போதே நறுக்கினால் வேலை எளிது, இலைகள் விறைத்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பூவுக்குக் காற்றும் நன்றாகக் கிட்டும். ஆனால் உலர்வது விரைவாகிவிடும். உலர்ந்த பின் நறுக்கினால், சுருண்ட இலைகள் பூவைப் போர்த்தி அதன் பிசின் சுரப்பிகளைக் காத்து, உலரும் வேகத்தையும் தணிக்கின்றன. ஆனால் ஈரமான அறையில் அதே போர்வை பூஞ்சணத்துக்குப் புகலிடமாகிறது.

ஆகவே வழி இதுதான். அறையின் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே நிற்குமானால் செடியை முழுதாகவோ இலைகளுடன் கூடிய பெருங்கிளைகளாகவோ தொங்கவிட்டு, பின்னர் நறுக்குங்கள். 65க்கு மேல் போகுமானால் முழங்கை நீளக் கிளைகளாக்கி, இலைகளை அன்றே களைந்து, இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். ஈரநீக்கும் இயந்திரம் ஒன்றும் தேவைப்படும். இவை இரண்டுக்கும் நடுவில் இருப்பவர் பாக்கியசாலி, எதையும் செய்யலாம். மின்விசிறியைப் பூவின் மேல் நேராகத் திருப்பாமல் சுவரை நோக்கித் திருப்ப வேண்டும். அறையின் காற்று அசைய வேண்டுமே தவிரப் பூவை அறைந்துகொண்டிருக்கக் கூடாது. எங்கள் வீட்டில் இப்போது, வெப்பக்காற்று வரும் துவாரத்தை மூடிய நிலக்கீழறை ஒன்றில், 16 முதல் 18 பாகையில், வாயகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வைத்து ஈரப்பதத்தை 55 முதல் 60 வரை ஏற்றி, பெருங்கிளைகளாகத் தொங்கவிடுகிறோம். கனமான கொத்துகளைத் தினமும் ஒருமுறை மெல்ல விரித்துப் பார்க்கிறோம். சிறு காம்பை வளைத்தால் அது மடங்காமல் முறியும்போது, ஆனால் பருத்த தண்டு இன்னும் வளையும்போது, இறக்குகிறோம்.

மெதுவாக உலர்த்துவதால் மணம் முழுவதும் காக்கப்படும் என்றும் எண்ண வேண்டாம். மிசிசிப்பிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1996இல் வெளியிட்ட ஆய்வில், அறைவெப்பத்தில் ஒரு வாரம் உலர்த்திய கஞ்சாப் பூ தன் ஆவியாகும் எண்ணெயில் 31 விழுக்காட்டை இழந்திருந்தது. அதன்மேல் ஒரு மாதம் சேமித்தபோது இழப்பு 45 விழுக்காடாகவும், மூன்று மாதத்தில் 55 விழுக்காடாகவும் உயர்ந்தது. மிர்சீன், லிமோனீன், பைனீன் போன்ற இலேசான மணப்பொருட்களே முதலில் பறப்பவை. குளிர்ந்த அறையை நாடுவதற்கு இதுவே காரணம். பொறுமையாக உலர்த்துவதன் பயன் வேறு: பச்சை மணமும் தொண்டையை அறுக்கும் காரமும் தணிய, பூவுக்குள் சிறிது ஈரமும் நாட்களும் தேவைப்படுகின்றன. ஒன்றுக்குக் குளிர், மற்றொன்றுக்குக் காலம். இரண்டையும் ஒருசேரத் தருவது குளிர்ந்த அறையே.

இந்தத் தர்க்கத்தை அதன் எல்லை வரை கொண்டுசென்றால் வருவது குளிர்சாதனப் பெட்டி முறை. 4 பாகையில் 40 விழுக்காடு ஈரப்பதம் இருந்தாலும் அந்தக் காற்றின் தாகம் 0.5 கிலோபாஸ்கலுக்குச் சற்றுக் குறைவே. எண்ணைப் பார்த்தால் வறண்ட காற்று, ஆனால் நம் நிலக்கீழறையைவிட மெதுவாக உறிஞ்சும் காற்று. நறுக்கிய பூக்களைக் காகிதப் பைகளில் ஒற்றை அடுக்காக இட்டு, தினமும் கிளறி வைத்தால் இரண்டிலிருந்து நான்கு வாரங்களில் உலர்ந்துவிடும். மணம் நன்றாக நிற்கும். தொடர்மாடி வீட்டில் தனியறை இல்லாதவர்களுக்கும், மணம் அயலவரை எட்டிவிடுமோ என்று அஞ்சுபவர்களுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். நிபந்தனைகள் மூன்று. பெட்டி உறைபனி கட்டாத வகையாக இருக்க வேண்டும். பழைய வகைப் பெட்டிகளின் சுவரில் நீர் திரண்டு வழியும். உணவுக்கான பெட்டியாக அது இருக்கக் கூடாது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பூட்டு இருக்க வேண்டும். ஒரு சிறு பெட்டியில் ஒரு செடியின் பூவே நெருக்கமாகத்தான் கொள்ளும் என்பதால், நான்கு செடிகளையும் ஒரே நாளில் வெட்டுபவருக்கு இது உதவாது. ஒரு செடியை இவ்வாறும் மூன்றைத் தொங்கவிட்டும் சென்ற ஆண்டு ஒப்பிட்டோம்: பெட்டியில் உலர்ந்ததன் எலுமிச்சை மணம் தெளிவாகவே கூடியிருந்தது, புகையின் மென்மையில் வேறுபாட்டை மனைவியால் உணர முடியவில்லை.

உறைய வைத்து வெற்றிடத்தில் உலர்த்தும் இயந்திரங்கள் வீட்டு அளவிலும் விற்பனைக்கு வந்துவிட்டன. பூவில் உள்ள நீர் பனிக்கட்டியாகி, திரவமாகாமலே ஆவியாகிவிடுவதால் ஓரிரு நாளில் வேலை முடிகிறது. பூஞ்சணத்துக்கு நேரமே கிடைப்பதில்லை. பூ சுருங்காமல் வெட்டிய அன்றைய வடிவிலேயே நிற்கும். ஆனால் அது எளிதில் பொடியாகும், பிசின் சுரப்பிகள் தொட்டாலே உதிரும்; மெல்ல நிகழ வேண்டிய உள்மாற்றத்துக்கு இடமே இருப்பதில்லை. விலையோ சில ஆயிரம் டாலர். ஆண்டுக்கு நான்கு செடி வளர்ப்பவருக்கு அதை நான் சொல்ல மாட்டேன். சமையலடுப்பும் பழம் உலர்த்தும் மின்பெட்டியும் ஒப்பீட்டுக்கே உரியவை அல்ல: 35 பாகைக்கு மேலான சூடு மணத்தைத் துரத்துகிறது, மேற்புறத்தை ஓடாக்கி உள்ளீரத்தைச் சிறைப்பிடிக்கிறது.

உலர்த்திய பின் வருவது பாடம். யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டங்களை அறிந்தவர்களுக்கு இச்சொல் புதிதல்ல. உலர்ந்த இலையை அடுக்கி, அதன் காரத்தை முதிரவிடுவதைப் பாடம் போடுதல் என்போம். ஆனால் அந்த நினைவு இங்கே ஒரு தவறான வழியையும் காட்டக்கூடும். புகையிலையை ஈரத்துடன் குவித்து, குவியல் தானே சூடேறிப் புளிக்கும்படி விடலாம். கஞ்சாப் பூவை அவ்வாறு விடலாகாது. மலாவி நாட்டில் பூவைச் சோளமடலிலோ வாழையிலையிலோ இறுகச் சுற்றிக்கட்டிப் பதப்படுத்தும் பழைய வழக்கம் உண்டு. அது அந்நாட்டின் வெயிலோடும் கைப்பழக்கத்தோடும் வளர்ந்த கலை. கனடாவின் நிலக்கீழறையில், நோயாளி ஒருவருக்கான பூவில் அதைச் சோதித்துப் பார்ப்பதை நான் விரும்பவில்லை.

பாடம் போடும் கலங்களில் போட்டி முக்கியமாகக் கண்ணாடிப் போத்தலுக்கும் ஈரப்பதம் காக்கும் சிறப்புப் பைகளுக்கும் இடையில். போத்தலில் முக்கால் பங்கு மட்டும் நிரப்பி, உள்ளே ஒரு சிறு ஈரப்பதமானி வைத்து மூட வேண்டும். ஒரு நாள் கழித்து அது காட்டும் எண் 58 முதல் 62க்குள் இருந்தால் உலர்த்தல் சரி. 65ஐத் தாண்டினால் மூடியைத் திறந்து சில மணி நேரம் விட வேண்டும். 70ஐத் தொட்டால் பூவை முழுதாக வெளியே எடுத்துக் காகிதத்தில் பரப்பி மீண்டும் உலர்த்த வேண்டும். இந்த எண் வெறும் பழக்கவழக்கம் அல்ல. மூடிய கலத்துக்குள் காற்றும் பூவும் சமநிலை அடைந்தபின் காற்றின் ஈரப்பதமே பூவின் நீர்ச் செயற்பாடு, அதாவது பூவில் நுண்ணுயிர்களுக்குக் கிட்டக்கூடிய நீரின் அளவுகோல். 62 விழுக்காடு என்றால் 0.62. அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட ஏ.எஸ்.டி.எம். தர அமைப்பு உலர்ந்த கஞ்சாப் பூவுக்கு வகுத்துள்ள எல்லை 0.55 முதல் 0.65 வரை. அதற்கு மேலே பூஞ்சணத்துக்கு வாசல் திறக்கிறது. கீழே பூ சருகாகி மணம் இழக்கிறது.

மலிவான ஈரப்பதமானிகள் ஐந்து புள்ளி வரை பிழை காட்டுவது சாதாரணம் என்பதால், 62 என்பது உண்மையில் 67 ஆகவும் இருக்கலாம். சோதிப்பது எளிது. ஒரு போத்தல் மூடியில் சமையலுப்பை இட்டு, கூழாகும் அளவுக்கு மட்டும் நீர் தெளித்து, அதையும் ஈரப்பதமானியையும் இறுக மூடிய கலத்தில் ஓரிரவு வைத்தால், அறைவெப்பத்தில் உள்ளே 75 விழுக்காடு இருக்கும். கருவி 71 காட்டினால், இனி எப்போதும் நான்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் பாடம் போடத் தொடங்க வேண்டாம் என்று யார் கேட்டாலும் சொல்கிறேன்.

முதல் வாரம் தினமும் ஒன்றிரண்டு முறை போத்தலைத் திறந்து பத்துப் பதினைந்து நிமிடம் காற்று மாற்ற வேண்டும், இரண்டாம் வாரம் இரண்டு நாளுக்கொருமுறை, பின்னர் வாரத்துக்கொருமுறை. திறக்கும்போது அம்மோனியா நெடி வந்தால் உள்ளே காற்றில்லாச் சூழலில் பற்றீரியா வேலை தொடங்கிவிட்டது என்று பொருள். உடனே வெளியே எடுக்க வேண்டும். நான்கு வாரத்தில் பயன்படுத்தலாம். எங்களுக்கு எட்டாம் வாரமே நிறைவாக இருக்கிறது. சிறப்புப் பைகள் தம் சவ்வின் வழியே ஈரத்தை அளவாக வெளிவிடுவதால் இந்தத் திறப்பும் மூடலும் தேவையில்லை. வேலைநேரம் ஒழுங்கற்றவர்களுக்கும், இரவுப்பணிக்குப் போகிறவர்களுக்கும் அது பெரிய உதவி. ஆனால் பை, சற்றுப் பிழைபட்ட உலர்த்தலையே திருத்தும். மிகு ஈரத்துடன் அடைத்ததைக் காப்பாற்றாது. உள்ளே இருப்பதைக் கண்ணால் காண முடியாததும் எனக்கு உறுத்தல். சாதாரண பொலித்தீன் பையைத் தவிர்க்க வேண்டும். தோடம்பழச் சாற்றுப் பெட்டிகளின் பொலித்தீன் உட்பூச்சு சாற்றின் லிமோனீனை உறிஞ்சுவது உணவுத்துறை நன்கறிந்த சிக்கல், அதே லிமோனீன்தான் இங்கும் இருக்கிறது.

பொவேடா போன்ற, 58 அல்லது 62 விழுக்காட்டில் ஈரத்தை நிறுத்தும் உப்புக்கரைசல் பொதிகளைத் தொடக்கத்திலேயே போத்தலில் இடுவதா என்று பலர் கேட்கிறார்கள். இடக்கூடாது என்பது என் கருத்து. முதல் இரு வாரங்களில் பூவே சொல்ல வேண்டிய எண்ணைப் பொதி மறைத்துவிடுகிறது. மிகு ஈரமுள்ள பூவும் மேலுக்குச் சரியாகத் தெரியும். பாடம் முடிந்து நீண்டநாள் சேமிக்கும்போது ஒன்றை இடுவது நல்லது, குறிப்பாக ஜனவரி, பெப்ரவரியில் வீட்டுக்காற்று மிகவும் வறண்டு, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஈரம் பறிபோகும் காலத்தில்.

சேமிப்பில் தேர்வு செய்ய அதிகம் இல்லை. லண்டன் ஆய்வாளர்கள் 1976இல் வெளியிட்ட ஆய்வு, கஞ்சாவின் வீரியத்தைக் குறைப்பதில் ஒளியே முதன்மையானது என்றும், நேர்த்தியாகத் தயாரித்த பூ இருட்டில் அறைவெப்பத்திலேயே ஓரிரு ஆண்டு நிலைக்கும் என்றும் காட்டியது. எங்கள் போத்தல்கள் செடியின் பெயரும் பாடம் முடிந்த தேதியும் எழுதப்பட்டு, நிலக்கீழறையின் பூட்டிய மர அலுமாரியில் இருக்கின்றன. ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் சிறு போத்தலில் மேலே எடுத்து வருகிறோம், பெரியவை அடுத்த மாதம்வரை மூடியே கிடக்கும்.